பொப்பிப் பூவும் பூவரசம் பூவும்



நவம்பர் மாதம் எங்கள் மண்ணில் பூக்களின் மாதம். 11ஆம் திகதி தொலைக்காட்சியில் பெரியவர்களின் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூவைக் காண்கிறோம். 27ஆம் திகதி இன்னொரு பூ, கார்த்திகைப் பூ. எதைச் சூடினாலும் ஒருவர் முறைப்பார், எதையும் சூடாவிட்டாலும் ஒருவர் முறைப்பார். "சேர், அந்தச் சிவப்புக் கடதாசிப் பூவை ஏன் குத்துகினம்?" என்று பத்தாம் தரப் பிள்ளை ஒன்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போருக்குப் போனவனுக்கு, போகாமல் வீட்டில் இருந்தவன் எப்படி நன்றி சொல்வது? இது மிகப் பழைய கேள்வி. அரசர்கள் பட்டமும் நிலமும் கொடுத்தார்கள். சாதாரண சனத்திடம் என்ன இருக்கிறது? ஒரு சோற்றுப் பொதி, ஒரு சோடி காலுறை, ஒரு கடிதம், ஒரு பூ. இந்தச் சின்னச் சின்னப் பொருட்களின் வரலாறு எங்கள் பாடப் புத்தகங்களில் இல்லை.

முதலில் பொப்பியின் கதை. முதலாம் உலகப் போரில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி குண்டுகளால் உழுது போடப்பட்ட வயல்போல் கிடந்தது. அந்தக் கிளறுண்ட மண்ணில் சிவப்புப் பொப்பிகள் தாமாகவே முளைத்தன. கனடாவைச் சேர்ந்த இராணுவ மருத்துவர் ஜோன் மக்ரே 1915இல் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதை வாசித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல் 1918இல் பொப்பியை நினைவின் அடையாளமாக அணியத் தொடங்கினார். ஆம், அவரும் ஓர் ஆசிரியைதான். 1921இல் பிரித்தானியாவில் முன்னாள் படைவீரர் சங்கம் அந்தப் பூவை விற்று நிதி திரட்டியது. அடுத்த ஆண்டு, போரில் அங்கங்களை இழந்தவர்களே அந்தப் பூக்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று லண்டனில் தொடங்கியது. பூவை வாங்கும் காசு, அதைச் செய்த கைக்கே போய்ச் சேரும். நல்ல ஏற்பாடு.

அதே போரில் இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். அவர்களில் முஸ்லிம்கள், சீக்கியர், இந்துக்கள் எல்லோரும் இருந்தார்கள். 1914 நத்தாருக்கு இளவரசி மேரியின் பெயரில் படைவீரருக்குப் பித்தளைப் பெட்டி ஒன்று பரிசாகப் போனது. பொதுவாக அதற்குள் புகையிலையும் சிகரெட்டும் இருக்கும். புகையிலை தொடாத சீக்கியருக்கு அதற்குப் பதிலாகக் கற்கண்டும் வாசனைத் திரவியமும் வைத்து அனுப்பினார்கள்.

காயப்பட்ட இந்தியர்களை இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலுள்ள அரச மாளிகையில் வைத்து வைத்தியம் செய்தார்கள். அங்கே ஒன்பது சமையலறைகள் இருந்தன. முஸ்லிம்களுக்கு வேறு, இந்துக்களில் மாமிசம் உண்போருக்கு வேறு, உண்ணாதோருக்கு வேறு. குடிதண்ணீர்க் குழாய்கூடத் தனித்தனி. புல்வெளியில் தொழுகைக்கு இடம் ஒதுக்கினார்கள். இறந்த முஸ்லிம் வீரர்களுக்கு வோக்கிங் பள்ளிவாசலின் அருகே அடக்கத்தலம் அமைத்தார்கள்.

இதில் பிரசாரமும் இருந்தது. இந்தியாவுக்குக் காட்டுவதற்காகவே பலதைப் படம் பிடித்தார்கள். போர் முடிந்த அடுத்த வருடமே, 1919 ஏப்ரல் 13இல், எந்தப் பஞ்சாப் அத்தனை வீரர்களைக் கொடுத்ததோ அதே பஞ்சாபின் அமிர்தசரசில், ஜாலியன்வாலா பாக்கில் சனத்தைச் சுட்டார்கள். போர் நடக்கும்வரை கற்கண்டு, போர் முடிந்ததும் துப்பாக்கி. நன்றி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான் அது நன்றியா தேவையா என்று தெரியும்.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். பிரித்தானிய ஆட்சியில் இலங்கையிலும் நவம்பர் 11இல் பொப்பி விற்றார்கள். கந்தோர்களிலும் பாடசாலைகளிலும் வாங்கவேண்டிய நிலை. வாங்காவிட்டால் விசுவாசம் இல்லாதவன் என்ற பார்வை. ஆனால் அந்தக் காசு எங்கே போனது? பெரும்பகுதி பிரித்தானியாவின் முன்னாள் படைவீரர்களுக்குப் போனது. இலங்கையிலிருந்து போய்ப் போரிட்டுத் திரும்பி, இங்கே வறுமையில் கிடந்தவர்களுக்கு வந்தது கொஞ்சம்தான்.

1930களின் தொடக்கத்தில் ஏலியன் பெரேரா என்பவர் இதைப் பொறுக்க முடியாமல் ஒரு வேலை செய்தார். பொப்பி விற்கும் அதே நாளில், அதற்குப் போட்டியாக இன்னொரு பூவை விற்கத் தொடங்கினார். அதில் வரும் காசு இலங்கையின் முன்னாள் படைவீரர்களுக்கு. அதுதான் 'சூரிய மல்' இயக்கத்தின் தொடக்கம்.

கவனியுங்கள். அவர் 'படைவீரருக்கு நன்றி சொல்லாதே' என்று சொல்லவில்லை. 'இங்கே இருப்பவனையும் பார்' என்றார். அவ்வளவுதான்.

1933இல் இந்த இயக்கத்துக்கு மறு உயிர் வந்தது. டொரின் யங் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் 1930இல் இலங்கைக்கு ஆசிரியப் பணிக்கு வந்தவர். மாத்தறையில் பெண்கள் பாடசாலை ஒன்றின் அதிபராக இருந்துவிட்டு, பிறகு கொழும்பு ஆனந்த பாலிகாவுக்கு வந்தார். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவை மணந்தார். 'டெய்லி நியூஸ்' பத்திரிகையில் பூக்களின் போர் என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் நாட்டு முன்னாள் வீரர் வாட, இலங்கைப் பிள்ளைகளைப் பிரித்தானிய வீரருக்காகப் பொப்பி வாங்கவைப்பது என்ன நியாயம் என்று கேட்டார். ஓர் ஆங்கிலேயப் பெண்ணே இப்படிக் கேட்டது அந்தக் காலத்தில் பெரிய அதிர்ச்சி. அந்த ஆண்டு ஹொரணையில் வில்மட் பெரேராவின் வீட்டில் கூடி, இயக்கத்தைப் புதிதாக அமைத்து, டொரினையே தலைவராகத் தெரிவு செய்தார்கள்.

இளைஞர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் வீதியில் இறங்கி மஞ்சள் பூவை விற்றார்கள். பிற்காலத்தில் பாராளுமன்றத்தில் கர்ச்சித்த விவியன் குணவர்தன அப்போது பள்ளி மாணவி. அவரும் பூ விற்றவர்களில் ஒருவர். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள். அதனால் சேர்ந்த காசு பெரிதில்லை. ஆனாலும் அரசாங்கத்துக்கு நித்திரை வரவில்லை. வீதியில் நிதி சேகரிப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். சில சதம் பெறுமதியான ஒரு பூவுக்கு ஒரு சட்டம்!

இனி, யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு செய்தி. 'சூரிய மல்' என்று சிங்களத்தில் சொல்லும் அந்தப் பூ எது தெரியுமா? எங்கள் பூவரசம் பூதான்!

வேலிக்குப் போட்ட கதியால் தளைத்து மரமாக நிற்கும் அதே பூவரசு. குழையை வெட்டி வயலுக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் தாழ்த்த அதே பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை இந்தக் குடாநாட்டில் உண்டா? காலையில் மஞ்சளாகப் பூத்து, வாடும்போது சிவந்து போகும் பூ. கோயிலுக்கும் போகாது, கலியாணத்துக்கும் போகாது, கடையில் விலையும் இல்லை. சிங்கள ஊரில் ஒரு மரம், தமிழ் ஊரில் அதே மரம், எங்கள் சோனகத் தெரு வேலியிலும் அதே மரம். ஒரு பேரரசின் பூவுக்கு எதிராக நிறுத்துவதற்கு இதைவிட நல்ல பூ வேறு இல்லை.

பூ விற்றதோடு அந்த இளைஞர்கள் நிற்கவில்லை. 1934, 35இல் இலங்கையை மலேரியா அடித்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். கேகாலைப் பக்கம் கிராமம் கிராமமாகச் சனம் விழுந்தது. சூரிய மல் இயக்கத்தினர் பூக்கூடையை வைத்துவிட்டு மருந்தையும் உணவையும் தூக்கிக்கொண்டு அந்தக் கிராமங்களுக்குப் போனார்கள். வெறும் மருந்து போதாது, சனம் பசியால் பலம் இழந்து கிடக்கிறது என்று கண்டு பருப்பு பங்கிட்டார்கள். அதனால் என். எம். பெரேராவுக்கு 'பருப்பு மாத்தயா' என்றே பட்டப்பெயர் வந்தது. அந்த அணியிலிருந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. அவர்களின் அரசியலை நீங்கள் ஏற்கலாம், விடலாம். ஆனால் பூ, பருப்பாக மாறியதே, அதை நான் மதிக்கிறேன்.

சரி, அந்தக் காலத்தில் எங்கள் யாழ்ப்பாணத்தார் என்ன செய்தார்கள்?

மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போன யாழ்ப்பாணத் தமிழர், முதலாம் உலகப் போரின்போது தங்களுக்குள் காசு சேர்த்துப் பிரித்தானியாவுக்கு ஒரு போர் விமானம் அன்பளிப்புச் செய்தார்கள். அதற்கு 'யாழ்ப்பாணம்' என்று பெயர். ரயில்வேயிலும் கந்தோரிலும் எழுதுவினைஞராக இருந்தவர்களின் சம்பளக் காசு அது.

ஒரு தலைமுறை கழிந்தது. 1943இல் சுபாஸ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அதே மலாயாவில் தமிழ்ப் பெண்கள் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றி இந்திய தேசிய இராணுவத்துக்குக் கொடுத்தார்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராசம்மா பூபாலன் பதினாறு வயதில் ஜான்சி ராணி படைப்பிரிவில் சேர்ந்தார். பிற்காலத்தில் மலேசியாவில் பேர்பெற்ற ஆசிரியையாக விளங்கினார். தகப்பன்மார் பிரித்தானியாவுக்கு விமானம் வாங்கிக் கொடுத்த சமூகத்தின் பிள்ளைகளில் சிலர், பிரித்தானியாவை எதிர்த்த படைக்கு நகை கொடுத்தார்கள். இரண்டும் மனதாரக் கொடுத்ததுதான். காலம் மாறினால் நன்றி போய்ச் சேரும் விலாசமும் மாறுகிறது.

இதற்கு எங்கள் கண்முன் நடந்த சாட்சி 1987. அந்த ஆண்டு ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொதிகளைப் போட்டன. ஐந்து விமானங்கள், சுமார் 25 தொன். அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'பூமாலை'. பாருங்கள், இங்கேயும் பூ. ஜூலை 29இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மறுநாளிலிருந்து இந்தியப் படை பலாலியில் வந்து இறங்கியது. சனம் வீதியோரம் நின்று மாலை போட்டது, நெற்றியில் பொட்டு வைத்தது, இளநீர் வெட்டிக் கொடுத்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போர் முடிந்தது என்று நம்பிய சனத்தின் மகிழ்ச்சி அது.

ஒக்டோபரில் போர் மூண்டது. ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் துப்பாக்கிச் சூடு. நோயாளர், வைத்தியர், தாதியர் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாலை போட்ட வாசம் கையிலிருந்து போக மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிறகு 1990இல் அந்தப் படை திரும்பிப் போனபோது, ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இந்த மண்ணில் இறந்திருந்தார்கள். பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஏதோ ஒரு வீட்டில் அவர்களின் தாய்மார் இருந்தார்கள். அந்தத் தாய்மாருக்கு இந்த ஒப்பந்தத்தின் சரத்துகள் தெரிந்திருக்குமா?

தெற்கில் போயிருந்தால் கண்டிருப்பீர்கள். கிராமத்துச் சந்தியில் ஒரு பஸ் தரிப்பிடம். உள்ளே சுவரில் இளம் பிள்ளை ஒருவனின் படமும் பெயரும். இறந்த மகனுக்காகக் குடும்பம் கட்டிக் கொடுத்தது. மழைக்கும் வெயிலுக்கும் ஊர்ச்சனம் அதில் ஒதுங்கும். இழவை நிழலாக்குவது. நான் மிகவும் மதிக்கும் நினைவுச் சின்னம் அது. அவனைப் போருக்கு அனுப்பிய அரசியலோடு எனக்கு ஆயிரம் பிணக்கு இருக்கலாம். அந்த நிழலோடு பிணக்கு இல்லை.

ஆனால் அங்கேயும் ஒரு கேள்வி உண்டு. மே மாதத்தில் 'ரணவிரு' கொடியும் அணிவகுப்பும் இருக்கும். 2017 நவம்பரில், அதாவது பொப்பி மாதத்தில், கை கால் இழந்த முன்னாள் படைவீரர்கள் கொழும்பில் வீதிக்கு வந்தார்கள். பன்னிரண்டு வருடச் சேவை முடியுமுன் காயப்பட்டு விலகியவர்களுக்கும் முழு ஓய்வூதியம் வேண்டும் என்பது கோரிக்கை. பொலிஸார் தடியால் அடித்துக் கலைத்தார்கள். 1930களில் ஏலியன் பெரேரா கேட்ட அதே கேள்வி: பூ இருக்கிறது, காசு எங்கே?

எங்கள் பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். இந்தக் குடாநாட்டில் பிள்ளையைப் போருக்குக் கொடுத்த தாய்மார் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கோப்பாயில் இருந்த துயிலுமில்லம் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் 2011இல் திறக்கப்பட்டது. மகனின் கல்லறை இருந்த இடத்தில் போய் அழமுடியாத தாய், வீதியோரம் நின்று விளக்கேற்றினாள். கார்த்திகை மாதத்தில் அந்தப் பெற்றோருக்குத் தென்னம்பிள்ளை கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கல்லறையை இடிக்கலாம். வளவில் நட்ட தென்னம்பிள்ளை வளரும், காய்க்கும்.

ஒரு முஸ்லிம் ஆசிரியன் இதை எழுதும்போது சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். இரண்டு பக்கத்திலும். 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் மொத்தம் எழுபதாயிரத்துக்கும் மேல். அதை மறைத்து எந்த வரலாறும் எழுதமுடியாது. சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கில் மழையில் செம்மணி வெளியைத் தாண்டி நடந்தார்கள். அதையும் மறைக்கமுடியாது. ஒரே திகதி, ஒரே மண், இரண்டு ஊர்வலம். ஆரம்பகாலத்தில் தமிழ் இயக்கங்களில் சேர்ந்து இறந்த முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு, இராணுவத்தில் இறந்த முஸ்லிம்களும் உண்டு. எந்தப் பூவும் அவர்களை முழுதாகச் சொந்தம் கொண்டாடுவதில்லை. அதனால்தானோ என்னவோ, எல்லாப் பூவையும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க எங்களால் முடிகிறது.

அப்படித் தள்ளி நின்று பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்.

நன்றி கட்டாயமாகும்போது அது வரியாகிறது. பள்ளிப் பிள்ளையின் கையில் திணிக்கும் கொடியும் சரி, கடைக்காரனிடம் பறிக்கும் நிதியும் சரி, எந்தத் தரப்பு செய்தாலும் ஒன்றுதான். அந்தக் காலத்துப் பொப்பிமீது டொரின் வைத்த குற்றச்சாட்டு இதுவே.

நன்றி தடை செய்யப்படும்போது அது வஞ்சமாகிறது. ஒரு தாய் தன் பிள்ளைக்கு விளக்கேற்றுவதைப் பொலிஸை வைத்துத் தடுத்தால், அந்தத் தாயின் பேரப்பிள்ளைக்கு நாம் என்ன வரலாறு படிப்பிக்கிறோம்?

நன்றி பூவோடு நின்றால் அது வாடிப்போகும். சூரிய மல் இளைஞர்கள் பருப்பு மூட்டை தூக்கியதால்தான் தொண்ணூறு வருடம் கழித்தும் அவர்களைப் பற்றி எழுதுகிறோம்.

பொப்பியின் கதைக்கு ஒரு நல்ல முடிவும் உண்டு. இன்று இலங்கையில் பொப்பி தினத்தை நடத்துவது இலங்கை முன்னாள் படைவீரர் சங்கம்தான். காலிமுகத்திடலில் நின்ற நினைவுத்தூண், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் குண்டுக்கு அடையாளமாகிவிடும் என்ற பயத்தில் கழற்றப்பட்டு, இன்றைய விகாரமகாதேவி பூங்காவில் நிற்கிறது. மாலை வைப்பது அங்கேதான். கல்லில் கட்டிய நினைவையே பெயர்த்து வேறு இடத்தில் வைக்கலாம் என்றால், மனதில் கட்டியதையும் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்து வீட்டுக்காரனின் இழவுக்கும் இடம் விடலாம்தானே.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த நவம்பரில் நீங்கள் எந்தப் பூவைச் சூடினாலும், சூடாவிட்டாலும், உங்கள் ஒழுங்கையில் போரால் கால் இழந்த ஒருவர் இருப்பார். இயக்கத்தில் இருந்தவராக இருக்கலாம். ஷெல் விழுந்தபோது கடைக்குப் போயிருந்த சாதாரண மனிதராகவும் இருக்கலாம். கணவனை இழந்து தையல் மெசினோடு பிள்ளை வளர்க்கும் ஒரு பெண் இருப்பாள். பூவின் காசை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். காசு இல்லையென்றால் வேலியைக் கட்டிக் கொடுங்கள், கிணற்றுக் கப்பியை மாற்றிக் கொடுங்கள், பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக் கொடுங்கள். எந்தச் சீருடை என்று கேட்காதீர்கள்.

போகிற வழியில் ஒரு பூவரச மரம் நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இந்தப் பூவுக்குப் பயந்து ஒரு வல்லரசு சட்டம் போட்டது என்று சொல்லிக் கொடுங்கள். சிரிப்பார்கள். பிறகு இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதட்டும்.

கருத்துச் சொல்ல விரும்புவோர் தாராளமாகச் சொல்லுங்கள். மறுப்பதென்றாலும் மறுங்கள். என் மாணவர்களும் இதை வாசிக்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்து எழுதுங்கள். எல்லாப் பக்கத்திலும் இறந்தவர்களின் தாய்மாருக்கு இறைவன் ஆறுதல் தரட்டும். வஸ்ஸலாம்.